பிக்காடில்லி சிலைக்காரரும் வாரத்துக்கு 60 மணி நேரமும்

ஊரிலிருந்து யார் வந்தாலும் நாம் கூட்டிப்போகிற இடங்களில் பிக்காடில்லி சர்க்கஸும் ஒன்று. பெரிய விளம்பரத் திரைகளுக்கு எதிரே, ஒற்றைக் காலில் நின்று வில்லைப் பிடித்திருக்கும் சிறகு வைத்த சிலைக்குக் கீழே நிற்கவைத்து நாலு படம் எடுத்து, குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடுவோம். ஈராஸ், காதல் தெய்வம் என்று ஒரு வரி விளக்கமும் கொடுப்போம். உண்மையில் அது ஒரு மனிதருக்காகக் கட்டப்பட்ட நினைவு நீரூற்று. ஆல்ஃபிரட் கில்பர்ட் என்ற சிற்பி செய்தது, 1893-ல் திறக்கப்பட்டது. அந்த மனிதரின் பெயர் ஆன்டனி ஆஷ்லி கூப்பர். ஷாஃப்ட்ஸ்பரியின் ஏழாவது ஏர்ல், அதாவது பரம்பரைப் பிரபு. பக்கத்தில் நாடக அரங்குகள் வரிசையாக இருக்கிற ஷாஃப்ட்ஸ்பரி அவென்யூவும் அவர் பெயரில்தான்.

அந்தச் சிலையிலிருந்து ரீஜென்ட் ஸ்ட்ரீட் வழியாக நடந்தால் கொஞ்ச நேரத்தில் ஆக்ஸ்ஃபோர்ட் சர்க்கஸ் வந்துவிடும். இரண்டு பக்கமும் துணிக்கடைகள். ஏதாவது ஒரு டிஷர்ட்டின் காலரைத் திருப்பிப் பாருங்கள். இந்தியா, இலங்கை, வங்கதேசம் என்று ஏதோ ஒன்று இருக்கும். இந்தியா என்று இருந்தால் அது திருப்பூராக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. அதைத் தைத்தவர் அந்த வாரம் எத்தனை மணி நேரம் மெஷினில் உட்கார்ந்திருந்தார் என்று கண்காணிக்க இப்போது பெரிய கம்பெனிகளில் தனி இலாகாவே இருக்கிறது. இது ஏதோ இருபத்தோராம் நூற்றாண்டின் கவலை என்றுதான் நம்மில் பலர் நினைக்கிறோம். கடல் கடந்த ஆலைகளின் வேலை நேரத்தைப் பற்றி லண்டன் நாடாளுமன்றத்தில் முதலில் எழுந்து கேட்டவர்களில் ஒருவர் அந்தச் சிலைக்காரர். கேட்ட வருடம் 1875. அப்போது அவருக்கு வயது 74.

அவர் பிறந்தது 1801 ஏப்ரல் 28-ல், லண்டனின் குரோவ்னர் ஸ்குவேரில். பணத்துக்குக் குறைவில்லாத வீடு, பாசத்துக்குத்தான் பஞ்சம். அப்பா கண்டிப்பானவர், அம்மா கண்டுகொள்ளாதவர். வீட்டில் வேலை பார்த்த மரியா மில்லிஸ் என்ற பெண்தான் அந்தப் பிள்ளையை மடியில் வைத்து வளர்த்தார், ஜெபம் சொல்லிக்கொடுத்தார். பையன் பள்ளியில் இருக்கும்போதே அந்த அம்மா இறந்துபோனார். அவர் விட்டுப்போன தங்கக் கடிகாரத்தை ஆஷ்லி கடைசிவரை வைத்திருந்தார். ஹாரோ பள்ளியில் படிக்கும்போது, ஒரு ஏழையின் சவப்பெட்டியைக் குடிபோதையில் தூக்கிவந்தவர்கள் தெருவில் தவறவிட்டுச் சிரித்ததைப் பார்த்ததாகவும், அன்றே தன் வாழ்க்கை எதற்கு என்று முடிவு செய்ததாகவும் பின்னால் அவரே சொல்லியிருக்கிறார். வயதான பிறகு சொன்ன கதை, அதனால் கொஞ்சம் மெருகு ஏறியிருக்கலாம்.

ஆக்ஸ்ஃபோர்டில் முதல் வகுப்பு. 1826-ல் எம்.பி. 1828-ல் கிடைத்த முதல் அரசுப் பொறுப்பே இந்தியா சம்பந்தப்பட்டது. கிழக்கிந்தியக் கம்பெனியின் நிர்வாகத்தை லண்டனிலிருந்து மேற்பார்த்த கன்ட்ரோல் போர்டில் அவர் ஓர் உறுப்பினர். ஆலைத் தொழிலாளி யாரையும் அதுவரை அவர் நெருங்கிப் பார்த்திருக்க வாய்ப்பில்லை. அவர் கட்சி டோரி. கடவுள் நம்பிக்கை அதிகம், ஜனநாயகத்தில் நம்பிக்கை குறைவு. தொழிலாளிக்கு ஓட்டுரிமை கொடுப்பதைக் கடைசிவரை சந்தேகத்தோடுதான் பார்த்தார். இப்படிப்பட்ட ஒருவர் தொழிலாளர் சட்டத்தின் முகமாக ஆனது எப்படி என்பதுதான் விசேஷம்.

1830-ல் ரிச்சர்ட் ஓஸ்ட்லர் என்பவர் லீட்ஸ் நகரப் பத்திரிகை ஒன்றில் ஒரு கடிதம் எழுதினார். அப்போது இங்கிலாந்து முழுக்க மேற்கிந்தியத் தீவுகளின் அடிமைகளை விடுவிக்க வேண்டும் என்று இயக்கம் நடந்துகொண்டிருந்தது. கடல் கடந்த அடிமைக்காகக் கண்ணீர் விடுகிற யார்க்ஷயர் கனவான்களே, உங்கள் ஊர் மில்லிலேயே குழந்தைகள் விடியற்காலை முதல் இரவு வரை வேலை செய்கிறார்களே, அது கண்ணில் படவில்லையா என்பதுதான் கடிதத்தின் சாரம். ஆலைச் சட்ட இயக்கம் பிறந்ததே இந்தக் கேள்வியில்தான். தூரத்தில் நடப்பதைப் பார்க்கிற கண், பக்கத்தில் நடப்பதை ஏன் பார்க்கவில்லை? இன்று நமக்கு வருகிற கேள்வி அப்படியே தலைகீழ்.

மைக்கேல் சாட்லர் என்ற எம்.பி. இதை நாடாளுமன்றத்துக்குக் கொண்டுபோய், ஒரு விசாரணைக் குழுவும் நடத்தினார். 1832 தேர்தலில் லீட்ஸில் தோற்றுப்போனார். அவரைத் தோற்கடித்தவர்களில் ஒருவர் மெக்காலே. ஆமாம், நமக்கு ஆங்கிலக் கல்வி கொண்டுவந்த அதே மெக்காலே. (நியாயமாகச் சொன்னால், 1846-ல் அவரே பத்து மணி நேர மசோதாவை ஆதரித்துப் பேசினார்.) சாட்லர் போனதும் தலைமை இல்லாமல் நின்ற தொழிலாளர் குழுக்கள் 1833 தொடக்கத்தில் ஒரு பாதிரியாரை லண்டனுக்கு அனுப்பின. அவர் வந்து நின்றது ஆஷ்லியின் வாசலில். யோசிக்கக் கொஞ்சம் அவகாசம் கேட்டு, மனைவி மின்னியிடம் பேசிவிட்டுச் சரி என்றார். அப்போது வயது 31. அந்த ஒரு வார்த்தைக்காக அடுத்த 14 வருடம் போனது.

அவர் கேட்டது, 18 வயதுக்குக் கீழே இருப்பவர்கள் ஒரு நாளைக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யக் கூடாது என்பது. அரசு 1833-ல் கொடுத்தது வேறு. ஒன்பது வயதுக்குக் கீழே வேலை கூடாது (பட்டு ஆலைகளுக்கு மட்டும் விலக்கு). 9 முதல் 13 வரை வாரத்துக்கு 48 மணி நேரம். 13 முதல் 18 வரை ஒரு நாளைக்கு 12, வாரத்துக்கு 69. அதே வருடம், அதே நாடாளுமன்றம் அடிமை ஒழிப்புச் சட்டத்தையும் நிறைவேற்றியது. விடுதலையான வயல் அடிமைகள் சில வருடம் பழைய முதலாளியிடமே சம்பளமில்லாமல் வேலை செய்ய வேண்டும் என்று அதில் ஒரு ஏற்பாடு. அதற்கு வைத்த உச்சவரம்பு வாரம் 45 மணி நேரம். தோட்டங்களில் அது எந்த லட்சணத்தில் நடந்தது என்பது வேறு கதை. ஆனாலும் காகிதத்தில் இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்: ஜமைக்காவில் 45, மான்செஸ்டரில் 14 வயதுப் பிள்ளைக்கு 69.

இந்தச் சட்டத்தில் ஆஷ்லிக்குத் திருப்தி இல்லை. இருந்தாலும் அதில் ஒரு புது விஷயம் இருந்தது: சம்பளம் வாங்குகிற ஆய்வாளர்கள். முழு நாட்டுக்கும் நாலே பேர். லெனார்ட் ஹார்னர் அவர்களில் பெயர் பெற்றவர். இவர்கள் ஆலைக்குள் போய் என்ன பார்த்தார்கள் என்று படிக்கும்போதுதான் எனக்கு உடம்பில் ஏதோ செய்தது, ஏனென்றால் எல்லாமே தெரிந்த தில்லுமுல்லுகள். பிறப்புப் பதிவே 1837-ல்தான் வந்தது என்பதால் பிள்ளைக்கு வயது என்ன என்று யாருக்கும் தெரியாது. மருத்துவர் ஆளைப் பார்த்து எழுதிக்கொடுப்பார். பல்லை எண்ணி வயது கணிக்கலாமா என்றுகூட ஆராய்ந்தார்கள். மில் கடிகாரம் காலையில் வேகமாகவும் மாலையில் மெதுவாகவும் ஓடும். சாப்பாட்டு நேரத்தில் இங்கே ஐந்து நிமிடம், அங்கே ஐந்து நிமிடம் என்று கடித்துக்கொள்வார்கள். அதனால்தான் 1844 சட்டத்தில், வேலை நேரத்தை மில் கடிகாரத்தை வைத்துக் கணக்கிடக் கூடாது, ஒரு பொதுக் கடிகாரத்தை வைத்தே கணக்கிட வேண்டும் என்று எழுத வேண்டிவந்தது. ரயில் நிலையக் கடிகாரம் அதற்குப் பயன்பட்டது.

மென்பொருள் எழுதுகிறவனாகச் சொல்கிறேன், நேரத்தைப் பதிகிற கடிகாரம் யார் கையில் இருக்கிறது என்பதுதான் முதல் கேள்வி. இன்று ஆலைகளில் கைரேகை மெஷின் இருக்கிறது. 400 பேரும் தினமும் சரியாக 5.30 மணிக்கு வெளியே போனதாகப் பதிவு இருந்தால், அது மனிதர்கள் பதிந்தது இல்லை, யாரோ உட்கார்ந்து எழுதிய ஸ்கிரிப்ட். அனுபவமுள்ள ஆடிட்டர்கள் அதனால் வருகைப் பதிவை மட்டும் பார்ப்பதில்லை. உடைந்த ஊசிப் பதிவேட்டைக் கேட்பார்கள். தையல் ஊசி உடைந்தால் துண்டுகளைத் தேடி எடுத்து, தேதி போட்டு ஒட்டிவைக்க வேண்டும் என்பது துணித் தொழிலில் கட்டாயம். ஞாயிற்றுக்கிழமை ஆலை மூடியிருந்ததாகக் கணக்கு சொல்லும், ஞாயிறு தேதியில் ஊசி உடைந்திருக்கும். ஹார்னர் உயிரோடு இருந்திருந்தால் ரசித்திருப்பார்.

ஆஷ்லியை எதிர்த்தவர்கள் முட்டாள்கள் இல்லை. நாசோ சீனியர் என்ற பொருளாதாரப் பேராசிரியர் 1837-ல் கணக்கே போட்டுக் காட்டினார்: பதினொன்றரை மணி நேர நாளில் முதலாளிக்கு நிகர லாபம் வருவது கடைசி ஒரு மணி நேரத்தில்தான், அதை வெட்டினால் தொழிலே போய்விடும். நேரம் குறைந்தது, தொழில் போகவில்லை. இன்றும் ஏற்றுமதியாளர் கூட்டங்களில் இதே வாதத்தைக் கேட்கலாம், வங்கதேசம், வியட்நாம் என்று போட்டியாளரின் பெயர்தான் புதிது. ஜான் பிரைட் என்ற மில் முதலாளி எம்.பி. 1844-ல் நேராக ஆஷ்லியையே தாக்கினார். லங்காஷயர் ஆலைகளைப் பற்றி இவ்வளவு கவலைப்படுகிற நீங்கள், உங்கள் டோர்செட் பண்ணைக் கூலிகளின் நிலையைப் பார்த்தீர்களா என்பது கேள்வி. அது உண்மையிலேயே வலிக்கிற இடம். டோர்செட் விவசாயக் கூலி நாட்டிலேயே மிகக் குறைவான கூலிகளில் ஒன்று, அவருடைய அப்பாவின் நிலத்தில் கூலிகளின் வீடுகள் மோசமாக இருந்தன. 1851-ல் அப்பா இறந்து சொத்து கைக்கு வந்த பிறகு, கடனோடு கடனாக அந்த வீடுகளைச் சரிசெய்யப் பார்த்தார். நம்பிய மேலாளர் வேறு ஏமாற்றினார். பிரைட் கேட்டது நியாயமான கேள்விதான். அதற்காக லங்காஷயர் பிள்ளைகள் 12 மணி நேரம் நின்றுகொண்டே இருக்க வேண்டும் என்று ஆகிவிடாது.

1841-ல் ராபர்ட் பீல் பிரதமரானபோது ஆஷ்லிக்கு அரண்மனைப் பதவி ஒன்று வந்தது. பத்து மணி நேரத்தை ஆதரிக்காத அரசில் உட்கார மாட்டேன் என்று மறுத்துவிட்டார். 1842-ல் சுரங்கங்கள். நிலக்கரிச் சுரங்கங்களில் பெண்களும் சிறுமிகளும் இடுப்பில் சங்கிலி கட்டி வண்டி இழுப்பதை ஓவியங்களோடு ஓர் அறிக்கை வெளியிட்டது. நாடே அதிர்ந்தது. பெண்களும் பத்து வயதுக்குக் கீழே உள்ள பையன்களும் சுரங்கத்துக்குள் போகக் கூடாது என்று சட்டம் வந்தது. 1844 சட்டம் பெண்களுக்கும் 12 மணி நேர வரம்பு வைத்தது. பிறகு 1846-ல் ஒரு திருப்பம். தானிய இறக்குமதி வரி விஷயத்தில் தன் மனம் மாறிவிட்டது, பழைய வாக்குறுதியில் ஜெயித்த தொகுதியில் தொடர்வது முறையில்லை என்று எம்.பி. பதவியையே ராஜினாமா செய்தார். விளைவு, 1847-ல் பத்து மணி நேரச் சட்டம் நிறைவேறிய அன்று அவர் சபையில் இல்லை. கொண்டுவந்து நிறைவேற்றியவர் ஜான் ஃபீல்டன். அவரும் ஒரு மில் முதலாளி.

சட்டம் வந்ததும் முதலாளிகள் ஓட்டை கண்டுபிடித்தார்கள். ஆட்களை மாற்றி மாற்றி உள்ளே விட்டு, வெளியே அனுப்பி, ஆலையை 14, 15 மணி நேரம் ஓட்டினார்கள். யார் எப்போது வந்தார், எப்போது போனார் என்று எந்த ஆய்வாளராலும் கண்டுபிடிக்க முடியவில்லை. 1850 பிப்ரவரியில் நீதிமன்றம் அதுவும் சட்டப்படி சரி என்று சொல்லிவிட்டது. அதற்குப் பதிலாக அரசு ஒரு சமரசம் கொண்டுவந்தது. பெண்களும் 13 முதல் 18 வயது வரை உள்ளவர்களும் காலை ஆறு முதல் மாலை ஆறு வரை மட்டும் வேலை செய்யலாம். நடுவில் ஒன்றரை மணி நேரம் சாப்பாடு. சனிக்கிழமை இரண்டு மணிக்கு முடிந்துவிட வேண்டும். நாளைக்குப் பத்தரை மணி நேரம், வாரத்துக்கு 60. கேட்டதற்கு மேல் அரை மணி நேரம் கூடுதல். ஆஷ்லி ஒத்துக்கொண்டார். வடக்கில் தொழிலாளர் குழுக்கள் அவரைத் துரோகி என்று திட்டின.

எனக்கு என்னவோ அவர் எடுத்ததிலேயே சரியான முடிவு இதுதான் என்று படுகிறது. அரை மணி நேரத்தைக் கொடுத்துவிட்டு, சரிபார்க்கக்கூடிய ஒரு வரம்பை வாங்கினார். மாலை ஏழு மணிக்கு ஆலைக்குள் பெண்கள் மெஷினில் நின்றால் அது குற்றம், அவ்வளவுதான். ஆய்வாளர் எந்தப் பேரேட்டையும் புரட்ட வேண்டாம். பெண்களும் பிள்ளைகளும் இல்லாமல் பெரும்பாலான ஆலைகளை ஓட்ட முடியாது என்பதால், சட்டத்தில் பெயரே இல்லாத ஆண்களுக்கும் நேரம் குறைந்தது. சனிக்கிழமை மதியம் ஓய்வு வந்தது. இங்கே சனிக்கிழமை மூன்று மணிக்குக் கால்பந்து ஆட்டம் தொடங்குகிற பழக்கம் அதிலிருந்து முளைத்ததுதான்.

அதற்குப் பிறகு அவர் செய்த வேலைகள் ஒரு பெரிய பட்டியல். மனநல விடுதிகளைக் கண்காணிக்கும் ஆணையத்தின் தலைவராகச் சாகும்வரை இருந்தார். கிழிந்த துணியோடு வரும் பிள்ளைகளுக்கான இலவசப் பள்ளிகள், புகைபோக்கிக்குள் ஏற்றிவிடப்பட்ட சிறுவர்களுக்கான 1875 சட்டம் என்று நீளும். 1872-ல் மின்னி இறந்தார். நான் சொல்ல வந்தது அதற்குப் பிறகு நடந்தது.

பம்பாயில் 1850-களில் தொடங்கிய பஞ்சாலைகள் 1870-களில் பெருகிவிட்டன. பெரும்பாலும் இந்திய முதலாளிகள், மெஷின்கள் லங்காஷயரிலிருந்து வந்தவை. மெஷின் வந்தது, அதோடு வந்திருக்க வேண்டிய ஆலைச் சட்டம் வரவில்லை. சூரியன் உதித்ததிலிருந்து மறையும்வரை ஆலை ஓடும், ஏழெட்டு வயதுப் பிள்ளைகளும் உள்ளே இருப்பார்கள், விடுமுறை என்று ஒழுங்காக ஏதும் கிடையாது. பம்பாய் பருத்தித் துறை அதிகாரி மேஜர் மூர் இதை அறிக்கையில் எழுதினார். இங்கிலாந்தின் ஆலை ஆய்வாளர் அலெக்சாண்டர் ரெட்கிரேவ் அதை எடுத்துச் சொன்னார். 1875 ஜூலையில் பிரபுக்கள் சபையில் ஷாஃப்ட்ஸ்பரி எழுந்தார்.

இங்கேதான் கதை சிக்கலாகிறது. அவர் குழந்தைகளுக்காகப் பேசினார், அதில் சந்தேகமில்லை. அதே பேச்சில் லங்காஷயரின் போட்டியையும் சேர்த்துப் பேசினார். பஞ்சும் அங்கே, மலிவான கூலியும் அங்கே, நேரக் கட்டுப்பாடும் இல்லை என்றால் நம் ஆலைகள் என்ன ஆகும் என்ற கவலை. அப்போது மான்செஸ்டர் முதலாளிகள் இந்தியாவில் தங்கள் துணிக்கு இருந்த 5 சதவீத இறக்குமதி வரியை எடுக்கச் சொல்லி நெருக்கிக்கொண்டிருந்தார்கள். முப்பது வருடம் ஷாஃப்ட்ஸ்பரியை எதிர்த்த அதே ஊர்க்காரர்களுக்குத் திடீரென்று பம்பாய் குழந்தைமேல் பாசம் வந்துவிட்டது. இந்தியப் பத்திரிகைகள் இதைச் சும்மா விடுமா? வளர்கிற சுதேசித் தொழிலை நெரிக்க லங்காஷயர் போட்ட திட்டம் என்று தேசியவாதிகள் பலர் ஆலைச் சட்டத்தையே எதிர்த்தார்கள். அவர்கள் சந்தேகப்பட்டது சரி. எதிர்த்தது சரியா என்றால், பன்னிரண்டு மணி நேரம் ஓடுகிற மெஷினுக்கு முன் நிற்கிற எட்டு வயதுப் பிள்ளைக்கு முதலாளி சுதேசியா விதேசியா என்பது பெரிய வித்தியாசமா, தெரியவில்லை.

இன்று மேற்கத்திய பிராண்டுகள் ஆடிட் என்று வரும்போது ஊரில் எழுகிற முணுமுணுப்பும் கிட்டத்தட்ட இதுதான். விலையைக் குறைக்கச் சொல்பவரும் அவர், வேலை நேரத்தைக் குறைக்கச் சொல்பவரும் அவர் என்பார்கள். நியாயம் இருக்கிறது.

1875-ல் பம்பாயில் ஒரு ஆணையம் உட்கார்ந்தது. பெரும்பான்மையோர் சட்டம் தேவையில்லை என்று சொல்லிவிட்டார்கள். விஷயம் அதோடு முடிந்திருக்கும். பம்பாயிலேயே சொராப்ஜி ஷாபூர்ஜி பெங்காலி என்ற பார்சி சீர்திருத்தவாதி 1878-ல் தானே ஒரு மசோதா எழுதினார். பம்பாய் அரசு கண்டுகொள்ளவில்லை, அவர் அதை இங்கிலாந்துக்கு அனுப்பினார். உள்ளூரிலிருந்தே ஒரு குரல் வந்த பிறகு, 1879-ல் ஷாஃப்ட்ஸ்பரி மறுபடி பிரபுக்கள் சபையில் பேசினார். நிறமோ நாடோ எதுவானாலும் பிள்ளை பிள்ளைதான், எந்தத் தட்பவெப்பத்திலும் அது பெரியவரின் வேலையைச் செய்ய முடியாது என்பது அந்தப் பேச்சின் உள்ளடக்கம். இந்த முறை லங்காஷயர் பின்னால் போய்விட்டது, பிள்ளை முன்னால் வந்தது.

1881-ல் இந்தியாவின் முதல் தொழிற்சாலைச் சட்டம் வந்தது. ஏழு வயதுக்குக் கீழே வேலை கூடாது. 7 முதல் 12 வரை நாளைக்கு ஒன்பது மணி நேரம், நடுவில் ஒரு மணி நேரம் ஓய்வு, மாதத்துக்கு நாலு நாள் விடுமுறை. அவ்வளவுதான். 100 பேருக்குக் குறைவான ஆலைகளுக்குப் பொருந்தாது. பெரியவர்களுக்கு, பெண்கள் உட்பட, எந்த வரம்பும் இல்லை. அவுரி, தேயிலை, காபித் தோட்டங்களுக்கு விலக்கு. தேயிலை, காபி என்றால் யார் என்று நமக்குச் சொல்லத் தேவையில்லை. தான் 1833-ல் போதாது என்று சொன்ன சட்டத்தைவிட இது பலவீனமானது. பம்பாய் பிள்ளைக்கு மான்செஸ்டர் பிள்ளை கடந்த தூரத்தை முதலிலிருந்து நடக்க வேண்டியிருந்தது.

ஷாஃப்ட்ஸ்பரி 1885 அக்டோபர் 1-ல் ஃபோக்ஸ்டன் கடற்கரை ஊரில் இறந்தார். வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் நடந்த இரங்கல் ஆராதனைக்குத் தெருவில் பூ விற்கிறவர்களும் வண்டிக் கடைக்காரர்களும் திரண்டு வந்தார்கள். அடக்கம் டோர்செட்டில், சொந்த கிராமத்தில்.

மீதியை இந்தியத் தொழிலாளர்கள் தாங்களே கேட்டு வாங்கினார்கள். 1884-ல் நாராயண் மேகாஜி லோகண்டே பம்பாய் ஆலைத் தொழிலாளர்களைத் திரட்டி, ஆயிரக்கணக்கான கையெழுத்தோடு மனு கொடுத்தார். 1890-ல் ஞாயிறு விடுமுறை கிடைத்தது. 1891 சட்டம் பெண்களுக்கு 11 மணி நேர வரம்பும் வார விடுமுறையும் கொடுத்தது. அப்படியானால் 1908 பிப்ரவரியில், தூத்துக்குடியில், ஹார்வி என்ற பிரிட்டிஷ் நிறுவனத்தின் கோரல் மில் தொழிலாளர்கள் வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் பின்னால் நிற்க வேலைநிறுத்தம் செய்தபோது, கோரிக்கைகளில் வார விடுமுறையும் ஏன் இருந்தது? பதினேழு வருடம் சட்டப் புத்தகத்தில் கிடந்த விடுமுறை அது. ஒன்பது நாள் போராட்டத்தில் கூலி உயர்வோடு சேர்த்து அதையும் வாங்கினார்கள். சில நாளில் வ.உ.சி. கைதானார்.

ஆண்களுக்கு 12 மணி நேர வரம்பு 1911-ல் வந்தது. 1922-ல் வாரம் 60. 1934-ல் 54. அம்பேத்கர் தொழிலாளர் துறையைக் கவனித்த காலத்தில் கொண்டுவந்த திருத்தம் 1946-ல் அதை 48 ஆக்கியது. 1948 தொழிற்சாலைகள் சட்டம் அதை உறுதி செய்தது, ஓவர்டைமுக்கு இரட்டைச் சம்பளம் என்றும் சொன்னது.

இப்போது அந்த 60-க்கு வருவோம். 1998-ல் லண்டனில் தொடங்கிய எத்திக்கல் டிரேடிங் இனிஷியேட்டிவ் என்ற அமைப்பின் விதிகளைத்தான் பல பிரிட்டிஷ் பிராண்டுகள் தங்கள் சப்ளையர்களுக்குக் கொடுக்கின்றன. வழக்கமான வேலை 48 மணி நேரம், ஓவர்டைம் விருப்பப்பட்டால் மட்டும், இரண்டும் சேர்ந்து ஏழு நாளில் 60-ஐத் தாண்டக் கூடாது, ஏழு நாளில் ஒரு நாள் ஓய்வு. 1850-ல் 60 என்பது சாதாரண வாரம், இன்று அது உச்சவரம்பு. வித்தியாசம் பெரியதுதான். இருந்தும் லங்காஷயர் பெண்களுக்கு 1850-ல் சட்டம் கொடுத்த எண், 170 வருடம் கழித்து நம் ஊர்ப் பெண்கள் பலருக்கு இன்னும் எட்டாத எண்ணாக இருக்கிறது. திருப்பூர் பனியன் கம்பெனிகளில் ஒன்றரை ஷிஃப்ட் என்று ஒரு வார்த்தை உண்டு. காலை எட்டரைக்கு உள்ளே போனால் வெளியே வர இரவு எட்டரை, ஒன்பது. அது 12 மணி நேரக் கூலிக் கணக்கு. சீசனில் ஆறு நாளும் ஒன்றரை ஷிஃப்ட் ஓடினால் 72.

அவர்களுக்கே ஓவர்டைம் வேண்டுமே என்று உடனே பதில் வரும். வேண்டும்தான், ஒரு ஷிஃப்ட் கூலியில் வாடகையும் பள்ளிக் கட்டணமும் கட்ட முடியாது. 1848-ல் ஹார்னரும் தொழிலாளர்களிடம் இதைக் கேட்டுப் பார்த்திருக்கிறார். கூலி கொஞ்சம் குறைந்தாலும் பத்து மணி நேரமே போதும், ஆனால் வாசலில் வேலையில்லாமல் இத்தனை பேர் நிற்கும்போது மறுக்க முடியவில்லை என்று பலர் சொன்னார்கள். லண்டனில் வேலைக்குச் சேருகிற அன்று, 48 மணி நேர வரம்பை விட்டுக்கொடுக்கிற காகிதத்தில் கையெழுத்துப் போடுகிற நமக்கும் அந்த விருப்பம் எப்படிப்பட்டது என்று கொஞ்சம் தெரியும். நமக்காவது அதை எழுதிக்கொடுத்து ரத்து செய்ய உரிமை இருக்கிறது.

2023 ஏப்ரல் 21-ல் தமிழ்நாடு சட்டமன்றம் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் திருத்த மசோதாவை நிறைவேற்றியது. முதலீட்டாளர்கள் கேட்கிறார்கள் என்பது காரணம். தொழிற்சங்கங்களும் கூட்டணிக் கட்சிகளும் எதிர்த்ததில் மூன்று நாளில் நிறுத்திவைத்து, மே தினத்தன்று திரும்பப் பெறுவதாக முதல்வர் அறிவித்தார். சிங்காரவேலர் சென்னையில் மே தினம் கொண்டாடிச் சரியாக நூறு வருடம்.

இங்கே, 2015 நவீன அடிமைத்தனச் சட்டத்தின்படி, வருடத்துக்கு 36 மில்லியன் பவுண்டுக்கு மேல் வியாபாரம் செய்கிற நிறுவனங்கள் தங்கள் சப்ளை சங்கிலியைப் பற்றி ஓர் அறிக்கை வெளியிட வேண்டும். இணையத்தில் யார் வேண்டுமானாலும் படிக்கலாம். எத்தனை ஆடிட், எத்தனை பயிற்சி வகுப்பு என்று எண்கள் இருக்கும். ஆர்டர் உறுதியான பிறகு எத்தனை முறை டிசைனை மாற்றினோம், மாற்றியபோது கப்பல் தேதியைத் தள்ளிக்கொடுத்தோமா என்ற எண்ணை நான் படித்த எந்த அறிக்கையிலும் பார்க்கவில்லை. 1850-ன் ஆறு மணி மாதிரி யாரும் சுலபமாகச் சரிபார்க்கக்கூடிய எண் அது, தேதியோடு மின்னஞ்சலிலேயே இருக்கிறது. அந்த மின்னஞ்சல்களை எழுதுகிற மெர்ச்சண்டைசிங், கொள்முதல் பிரிவுகளில் இங்கே படித்து வளர்ந்த நம் பிள்ளைகளும் இருக்கிறார்கள். கோடைக் காலத்தில் லண்டனில் மாலை நாலு மணிக்கு, நிறத்தை மாற்றுங்கள் என்று அனுப்புகிற செய்தி திருப்பூரில் போய் இறங்கும்போது இரவு எட்டரை. ஒன்றரை ஷிஃப்ட் முடிகிற நேரம்.